பழைய போனில் தங்கம்: அசிட் போத்தலா, தராசா?

பழுதடைந்த கையடக்கத் தொலைபேசியிலும் கணனியிலும் தங்கம் இருப்பது உண்மைதான். இதைப் பற்றி என்னிடம் விசாரிக்கும் சிறு வர்த்தகர்களில் சிலர் இதை வெறும் கட்டுக்கதை என்கிறார்கள். வேறு சிலரோ இணையத்தில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, வீட்டின் பின்புறம் ஒரு வாளியும் இரண்டு போத்தல் அசிட்டும் இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம் என்று கிளம்பி விடுகிறார்கள். இந்த இரண்டாவது வகையினருக்காகத்தான் இவ்வாரம் எழுதுகிறேன்.

நாம் வியாபாரிகள். ஆகவே முதலில் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2006இல் வெளியிட்ட தரவின்படி, ஒரு கையடக்கத் தொலைபேசியில் சராசரியாக 16 கிராம் செம்பு, 0.35 கிராம் வெள்ளி, 0.034 கிராம் தங்கம், 0.015 கிராம் பலேடியம் இருந்தன. ஆயிரம் போன்களைச் சேர்த்தால் 34 கிராம் தங்கம், அதாவது நாலு பவுணுக்குச் சற்று மேல். ஒரு பவுணுக்கு 235 போன்கள் வேண்டும். அதுவும் ஒரு துகள்கூட வீணாகாதிருந்தால்தான். வீட்டில் செய்பவருக்கு அது நடக்காது. தங்கத்தின் ஒரு பகுதி சிப்புக்குள் மயிரிழைக் கம்பியாகக் கிடக்கும். ஒரு பகுதி வடிதாளில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பகுதி கரைசலோடு கானுக்குள் போகும். வெள்ளியையும் பலேடியத்தையும் பெரும்பாலானோர் பிரித்தெடுப்பதே இல்லை. போதாக்குறைக்கு, பழைய போனை இப்போது யாரும் சும்மா தருவதுமில்லை.

வீடியோவில் காட்டும் இரசாயனத்தில் பொய் இல்லை. நைத்திரிக் அமிலம் செம்பைக் கரைக்கும், தங்கத்தைத் தொடாது. அதனுடன் ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்து இராஜ திராவகம் ஆக்கினால் தங்கமும் கரையும். 1940இல் ஜேர்மன் படை கோப்பன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, ஹெவெசி என்ற விஞ்ஞானி இரண்டு நோபல் தங்கப் பதக்கங்களை இந்தத் திராவகத்தில் கரைத்து, போத்தலோடு அலுமாரித் தட்டில் வைத்துவிட்டார். படையினர் கண்டுகொள்ளவில்லை. யுத்தம் முடிந்த பின் அந்தத் தங்கத்தை மீட்டெடுத்து மீண்டும் பதக்கங்களாக வார்த்தார்கள். ஆனால் அவர் நின்றது ஆய்வுகூடத்தில், நம் வீட்டுக் குசினியில் அல்ல.

செம்பு அமிலத்தில் கரையும்போது செம்மண் நிறத்தில் ஒரு புகை கிளம்பும். அது நைதரசன் ஈரொட்சைட்டு. அதைச் சுவாசித்தவருக்குச் சிறிது இருமல் வரும், பிறகு சுகமாகிவிட்டது போலவே இருக்கும். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். தாமதமாக வருவதுதான் இதன் ஆபத்து. பாவித்து முடிந்த அமிலத்திலோ செம்பு, ஈயம், நிக்கல் எல்லாம் கரைந்திருக்கும். கிணற்று நீரை நம்பி வாழும் நமது கரையோர ஊர்களின் மணல் தரையில் அதை ஊற்றினால் அது அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் போய்ச் சேரலாம்.

சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் குயியு என்ற ஊர் இதே தொழிலை வீடு வீடாகச் செய்தது. போர்டை அடுப்பில் சூடாக்கினார்கள், அமிலத்தில் தோய்த்தார்கள், வயரை எரித்தார்கள். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், அங்கு பரிசோதித்த 165 சிறுவர்களில் பத்தில் எட்டுப் பேரின் இரத்தத்தில் ஈயம் அன்றைய எச்சரிக்கை அளவைத் தாண்டியிருந்தது. சிறுவயதில் உடலில் சேரும் ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இறுதியில் 2015 அளவில் அந்தப் பட்டறைகளை ஒரு தொழிற்பேட்டைக்குள் கொண்டுபோனார்கள்.

போன் திருத்தும் கடை வைத்திருக்கும் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் அசிட்டை வாங்கி, சோடாப் போத்தலில் ஊற்றி, குசினிக்குப் பின்னால் வைத்திருந்தார். வீட்டில் மூன்று சிறுபிள்ளைகள். "நானா, மூடி இறுக்கமாகத்தான் இருக்கு" என்றார். மூடியைப் பற்றி நான் பேசவில்லை. கையில் இருக்கும் போர்டுகளை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். நூறுகூட இல்லை. மேலே சொன்ன கணக்கில் அரைப் பவுண்கூடத் தேறாது.

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். நமக்கு இலாபம் தராசில்தான் இருக்கிறது. போன் போர்ட், ரெம், புரொசஸர், மதர்போர்ட் ஆகியவற்றை வெவ்வேறாகப் பிரித்து வையுங்கள். ரிவி, பவர் சப்ளை ஆகியவற்றின் மண்ணிறப் போர்டுகள் மலிவுச் சரக்கு. அவற்றை நல்ல போர்டோடு கலந்தால் வாங்குபவர் மூட்டை முழுவதற்கும் மலிவு விலையே போடுவார். அலுமினியம், செப்பு வயர், இரும்பு ஆகியவற்றைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்குத் தனியாகக் கொடுக்கலாம். வயரை உரியுங்கள், எரிக்க வேண்டாம். பழைய ரிவியின் பிக்சர் டியூபை உடைக்கவும் வேண்டாம், அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மஞ்சளாக மின்னுவதெல்லாம் தங்கம் என்று எண்ணி விலை பேசாதீர்கள், பித்தளையும் மின்னும். தங்க முலாம்கூட மைக்ரோனுக்கும் குறைந்த தடிப்பில்தான் இருக்கும்.

பெல்ஜியத்தின் ஹோபோக்கனில் உள்ள உமிக்கோர் போன்ற பெரிய உருக்காலைகள் தங்கத்தோடு வெள்ளி, பலேடியம், செம்பு எல்லாவற்றையும் எடுக்கின்றன, புகையையும் வடிகட்டுகின்றன. அவர்கள் மாதிரி எடுத்துப் பரிசோதித்துப் பணம் கொடுப்பவர்கள். அதற்குப் பெருந்தொகைச் சரக்கு வேண்டும். ஆகவே சில்லறையாகச் சேர்க்கும் நாம், மொத்தமாகச் சேர்த்து ஏற்றுமதி செய்பவருக்குத்தான் விற்க வேண்டும்.

அவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின் கீழ் இலத்திரனியல் கழிவும் அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவுகளில் ஒன்று. அதைச் சேகரித்துக் களஞ்சியப்படுத்தவும் மீள்சுழற்சி செய்யவும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி வேண்டும். நீங்களே பெரிய அளவில் சேகரிக்க எண்ணினாலும் முதலில் அங்கே போய் விசாரியுங்கள். பாசல் சமவாயத்தின் திருத்தத்தின்படி 2025 ஜனவரி 1 முதல் எல்லா வகை இலத்திரனியல் கழிவையும் எல்லை கடந்து அனுப்புவதற்கு, பெறும் நாட்டின் முன்சம்மதமும் தேவை. கடதாசி இல்லாதவரிடம் கொடுத்த சரக்கு துறைமுகத்தில் சிக்கினால் பணம் திரும்புவது கஷ்டம்.

இன்னொன்று, போனைச் சேர்த்து வைக்கும் முன் பற்றரியைக் கழற்றுங்கள். ஊதிய பற்றரிகளைக் குத்தாமல், நசுக்காமல், முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட தகர வாளியில், கடைச் சாமான்களிலிருந்து தள்ளி வையுங்கள்.