கிணற்றடியில் தொடங்கும் செய்தி: மாணவ நிருபர்களும் சுற்றாடலும்

ஆண்டுதோறும் ஜூன் மாதம் 5 ஆம் திகதி உலக சுற்றாடல் தினத்தையொட்டி நமது பாடசாலைகளில் கட்டுரைப் போட்டிகளும் சித்திரப் போட்டிகளும் நடைபெறுவது வழக்கம். அக்கட்டுரைகளைத் திருத்தும் வாய்ப்புப் பெற்றவர்கள் ஒரு விடயத்தை அவதானித்திருப்பர். அவற்றில் மரங்களின் பயன்கள் இருக்கும், ஓசோன் படலம் இருக்கும், பூகோளம் வெப்பமடைதல் இருக்கும். ஆனால் எழுதிய மாணவனின் ஊர் இராது. அவன் தினமும் கடந்து வரும் வாய்க்காலில் பொலித்தீன் அடைத்துக் கிடப்பதோ, வீட்டுக் கிணற்றின் நீர் சித்திரை மாதத்தில் உவர்ப்பதோ அக்கட்டுரையில் இடம்பெறுவதில்லை. எந்த ஊரிலிருந்தும் எந்த ஆண்டிலும் எழுதியிருக்கக் கூடிய எழுத்தாகவே அது அமைந்துவிடுகிறது.

இதற்கு மாறான முயற்சியொன்று 1994 ஆம் ஆண்டு ஐரோப்பாவில் ஆரம்பிக்கப்பட்டது. சுற்றாடல் கல்விக்கான மன்றம் என்ற சர்வதேச அமைப்பினால் தொடங்கப்பட்ட 'சுற்றாடலுக்கான இளம் நிருபர்கள்' என்ற அத்திட்டம் பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. இதில் பங்குபற்றும் மாணவர்கள் முதலில் தமது பிரதேசத்திலுள்ள ஒரு பிரச்சினையைத் தெரிவு செய்து நேரில் விசாரிக்க வேண்டும். அடுத்து, அதற்கான தீர்வுகள் எவை என்பதைத் தேட வேண்டும். அதன் பின்னர் கட்டுரையாகவோ புகைப்படமாகவோ ஒளிப்பதிவாகவோ அறிக்கையிட வேண்டும். இறுதியாக, அந்த அறிக்கையை உரிய மக்களிடம் கொண்டு சேர்க்க வேண்டும். இந்த நான்காவது படியே முக்கியமானது எனலாம். ஆசிரியரின் மேசையில் முடிந்துவிடும் எழுத்து அங்கு அறிக்கையாகக் கருதப்படுவதில்லை.

மாணவர்களின் அவதானம் எவ்வளவு தூரம் செல்லக் கூடும் என்பதற்கு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1995 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நிகழ்ந்த சம்பவம் நல்ல உதாரணமாகும். ஹென்டர்சன் என்ற சிறிய ஊருக்கு அண்மையிலுள்ள ஒரு குட்டைக்குத் தமது ஆசிரியையுடன் சென்ற பாடசாலை மாணவர்கள் அங்கு தவளைகளைப் பிடித்தனர். சில தவளைகளின் கால்கள் வழமைக்கு மாறாக இருந்தன. தாம் பிடிக்கும்போது கால் முறிந்துவிட்டதோ என்றுதான் பிள்ளைகள் முதலில் நினைத்தார்களாம். பின்னர் எண்ணிப் பார்த்தபோது, பிடிபட்டவற்றில் ஏறக்குறைய அரைவாசி ஊனமுற்றிருந்தமை தெரியவந்தது. சிலவற்றுக்கு ஒரு கால் இல்லை, சிலவற்றுக்கு மேலதிகக் கால் இருந்தது. ஆசிரியை மாநில மாசுக்கட்டுப்பாட்டு நிறுவனத்துக்கு அறிவித்தார். விஞ்ஞானிகள் வந்தனர். மாநிலத்தின் ஏனைய பகுதிகளிலும், பின்னர் நாட்டின் பிற மாநிலங்களிலும் இவ்வாறான தவளைகள் பதிவாகின.

இக்கதையின் பிற்பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. தவளைகளின் ஊனத்துக்கு விவசாய இரசாயனங்களே காரணம் என்று அப்போது பலரும் உடனடியாக முடிவு கட்டினர். ஆனால் 1999 ஆம் ஆண்டு வெளியான பரிசோதனை முடிவுகள், வாற்பேய்களின் உடலில் நுழையும் ஓர் ஒட்டுண்ணித் தட்டைப்புழு கால்களின் வளர்ச்சியைச் சிதைக்கக் கூடியது எனக் காட்டின. அப்புழு நத்தைகளில் பெருகுவது. வயல்களிலிருந்து பசளை கழுவப்பட்டு நீர்நிலையில் சேரும்போது பாசி பெருகி, நத்தைகள் பெருகி, புழுவும் பெருகுகின்றது என்பது 2007 இல் வெளியான ஆய்வொன்றில் காட்டப்பட்டது. ஆயினும் எல்லாக் குட்டைகளுக்கும் இந்த ஒரே விளக்கம் பொருந்தவில்லை. அந்த மாணவர்கள் "இன்ன தொழிற்சாலையே காரணம்" என்று எழுதியிருந்தால் அவர்களின் அறிக்கை சில ஆண்டுகளில் பிழையாகிப் போயிருக்கும். அவர்கள் கண்டதையும் எண்ணியதையும் மட்டும் சொன்னார்கள். ஆகவே அது இன்றும் பிழையாகவில்லை.

இந்த வேறுபாடு நமது சூழலுக்கு மிகவும் அவசியமானது. யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக் கொள்வோம். இங்கு வற்றாத ஆறு கிடையாது. வடகீழ்ப் பருவப் பெயர்ச்சி மழை சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளினூடாக இறங்கி, உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படையாகத் தேங்குகிறது. அதுவே கிணற்று நீர். நிலத்தில் ஊற்றப்படும் எதுவும் அதே வெடிப்புகளினூடாக விரைவாக அந்நீரைச் சென்றடையும். வரம்பு மீறி இடப்படும் யூரியாவும், கிணற்றுக்கு அருகிலேயே வெட்டப்படும் மலசலகூடக் குழிகளும் நீரில் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் எல்லை. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. நீர் ஆவியாகும்போது அதன் செறிவு கூடவே செய்யும். பால்மாவை அந்நீரில் கரைத்துப் பருக்கப்படும் கைக்குழந்தைகளே முதலில் பாதிக்கப்படுவர். குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழப்பதால் குழந்தையின் உடல் நீலம் பாய்கிறது.

எனவே, "எங்கள் கிணற்று நீர் தெளிவாக உள்ளது, ஆகவே நல்லது" என்று ஒரு மாணவி எழுதினால் அது அறிக்கையாகாது. "எங்கள் ஒழுங்கையில் இத்தனை கிணறுகள் உள்ளன. இவற்றில் இத்தனை, மலசலகூடக் குழிக்கு மிக அண்மையில் உள்ளன. தூரத்தை நாடாவினால் அளந்தோம். நீரைப் பரிசோதிக்குமாறு கேட்டுள்ளோம்" என்று எழுதினால் அதனைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒதுக்கிவிட முடியாது.

கண்ணுக்கும் மூக்குக்கும் புலப்படும் மாசும் உண்டு. சுன்னாகம் பகுதியில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் பேசப்பட்டது. வாளியில் மிதந்த எண்ணெய்ப் படலத்தை முதலில் கண்டவர்கள் அவ்வூர் மக்களேயன்றி ஆய்வுகூடத்தினர் அல்லர். அவ்விடயத்தில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் மாதம் தீர்ப்பளித்து, அனல்மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. கொழும்பின் மீதொட்டமுல்லையிலோ நிலைமை வேறுவிதமாக முடிந்தது. குப்பை மேடு குறித்து அயலவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வந்தனர். 2017 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று அம்மேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அம்மேட்டின் அடிவாரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாத எதையும் அதன் பின்னர் அமைக்கப்பட்ட குழுக்கள் புதிதாகக் கண்டுபிடித்திருக்கும் எனத் தோன்றவில்லை.

மாணவர்கள் இவ்வாறு எழுதுவதற்குத் தடையாக இருப்பது திறமையின்மை அன்று. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் வழிகாட்டலில் சுற்றாடல் முன்னோடிப் படையணிகள் பல பாடசாலைகளில் உள்ளன. அவற்றில் பதக்கம் பெறும் பிள்ளைகளுக்கு அவதானிக்கவும் பதிவு செய்யவும் நன்கு தெரியும். ஆனால் அவதானித்ததை ஊரறியச் சொல்லும்போதுதான் அதிபர் தயங்குகிறார். குப்பை கொட்டுபவர் பாடசாலைக்கு நன்கொடை வழங்கும் வர்த்தகராக இருக்கலாம். பிரதேச சபையின் தவறைச் சுட்டினால் அடுத்த விழாவுக்குத் தவிசாளரை எவ்வாறு அழைப்பது என்ற கவலையும் இருக்கலாம். இக்கவலைகளை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. பிள்ளையின் பெயரும் வகுப்பும் வெளிவந்தால் அதன் விளைவைத் தாங்க வேண்டியது பிள்ளையே. ஆகவே ஒருவர் மீது குற்றஞ் சாட்டக் கூடிய அறிக்கைகள் குழுவின் பெயரில், பொறுப்பாசிரியரின் கையொப்பத்துடன் செல்வதே முறை. மணல் அகழ்வு நடைபெறும் இடங்களுக்குப் பிள்ளைகளைப் புகைப்படமெடுக்க அனுப்புவது எவ்விதத்திலும் ஏற்கத்தக்கதன்று.

பெரியவர்கள் செய்யக் கூடிய உதவி வேறு உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. காரணம் கூறாமலேயே பிரசையொருவர் அரச நிறுவனமொன்றிடம் தகவல் கோரலாம். குறிப்பிட்ட கிணற்றின் நீர்ப் பரிசோதனை முடிவு, குறிப்பிட்ட இடத்தில் கழிவு கொட்ட வழங்கப்பட்ட அனுமதி ஆகியவற்றை ஆசிரியரோ பெற்றோரோ எழுத்தில் கேட்டுப் பெற்று மாணவர் குழுவிடம் கொடுத்தால், அறிக்கையின் அரைவாசி வேலை முடிந்துவிடும்.

ஆரம்பிப்பதற்குப் பெரிய செலவு எதுவும் வேண்டியதில்லை. முடிச்சிட்ட ஒரு கயிறு, அதன் நுனியில் ஒரு கல், ஓர் அப்பியாசக் கொப்பி போதும். ஐப்பசியில் மழைக்கு முன்னர் தொடங்கி, கிழமைக்கொரு தடவை, அதே கிணற்றில், அதே நேரத்தில், துலாவோ நீரிறைக்கும் இயந்திரமோ இயங்குமுன் நீர்மட்டத்தை அளந்து திகதியுடன் குறித்துவர வேண்டும். அடுத்த ஆண்டு ஆவணியில் நீர் அடிக்கல்லைத் தொடும்போது அந்த ஒழுங்கையின் ஓராண்டு வரலாறு அக்கொப்பியில் இருக்கும்.