13 அணிகள், ஒரே ஓட்டம்

பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் வந்து, வாடகை வீடுகளுக்கிடையே சாமான்களை ஏற்றி இறக்கியே களைத்துப்போனீர்களா? "இவன் ஓரிடத்திலும் நிலைக்கமாட்டான்" என்று உறவினர் சொல்லக் கேட்டு மனம் நொந்ததுண்டா? அப்படியானால் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் இஷ் ஸ்மித்தின் வாழ்க்கையைச் சற்றே கவனியுங்கள்.

1988ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரில் பிறந்தவர் இவர். உயரம் 6 அடி. நெடிதுயர்ந்தவர்கள் ஆடும் அந்த விளையாட்டில் இது குறைவான உயரமே. 2010ஆம் ஆண்டு என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களைத் தெரிந்தெடுத்தபோது 60 பெயர்கள் வாசிக்கப்பட்டன. அவற்றில் இவருடைய பெயர் இல்லை. ஆயினும் ஹூஸ்டன் அணி இவரைத் தனியே ஒப்பந்தம் செய்தது. முதற்பருவம் முடியுமுன்னரே மெம்ஃபிஸ் அணிக்கு மாற்றப்பட்டார். பின்பு கோல்டன் ஸ்டேட், ஆர்லாண்டோ, மில்வாக்கி, பீனிக்ஸ் என்று பயணம் நீண்டது.

அங்கே ஓர் அணி தன் வீரரின் ஒப்பந்தத்தை இன்னோர் அணிக்குக் கைமாற்றிவிடலாம். பெரும்பாலான வீரர்களிடம் சம்மதம் கேட்கப்படுவதில்லை. செய்தி வந்தால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள். ஸ்மித் அப்போது நியூ ஆர்லியன்ஸ் அணியில் இருந்தார். சில மாதங்களுக்கு முன் அவரைத் தக்கவைக்காமல் விட்டிருந்த பிலடெல்பியா அணி, எதிர்காலத் தெரிவுரிமைகள் இரண்டைக் கொடுத்து அவரைத் திரும்பப் பெற்றது. அதுவரை 31 ஆட்டங்களில் அவ்வணி வென்றது ஒன்றே ஒன்று! அவர் சென்றதும் எல்லாம் மாறிவிடவில்லை. பருவத்தின் முடிவில் 82 ஆட்டங்களுக்கு 10 வெற்றிகளே. ஆனால் அந்தப் பத்தில் ஒன்பது, அவர் வந்தபின் கிடைத்தவை.

2022ஆம் ஆண்டு டென்வருக்கு மாற்றப்பட்டார். அது அவருடைய 13ஆவது அணி. அதற்குமுன் 12 அணிகளுக்கு ஆடியவர்கள் உண்டு. 13 அணிகளைக் கண்டவர் அவர் ஒருவரே. 2023 ஜூன் மாதம் டென்வர் அணி தன் வரலாற்றில் முதன்முறையாக என்.பி.ஏ. பட்டம் வென்றது. ஸ்மித் பெரும்பாலும் மாற்று வீரராக அமர்ந்திருந்தவரே. எனினும் பட்டம் வென்ற அணியில் அவருக்கும் இடமிருந்தது. அடுத்த பருவத்தில் தம் சொந்த ஊரான சார்லட்டின் அணிக்கு மீண்டும் ஆடினார்.

அன்பானவர்களே, 13 அணிகள் என்று கேட்டவுடன் எத்தனை இடங்களிலிருந்து அனுப்பப்பட்டார் என்றே நாம் எண்ணுகிறோம். எத்தனை இடங்களில் அவர் தேவைப்பட்டார் என்று எண்ணிப்பார்ப்பதில்லை. அடுத்தமுறை சாமான்களைக் கட்டும்போது, உங்கள் கணக்கையும் அவ்விதமே எழுதிப்பாருங்கள். விட்டுவந்த வீடுகளை மட்டுமல்ல, உங்களுக்குத் திறந்த கதவுகளையும் எண்ணுங்கள்.