ரப்பர் தேன் எங்கிருந்து வருது?

தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் தேன் வாங்கினா, அது ரப்பர் தேனா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அது பூவுல சுரக்கிற தேன் இல்ல, இலையில சுரக்கிறது. "அப்போ போலியா?"ன்னு கேட்கலாம். அதுக்குப் பதில் சொல்ல, பூ தேனை எப்படி வைக்குதுன்னு முதல்ல பார்க்கணும்.

வாழைப்பூவை எடுத்துக்கோங்க. அதோட சூலகம் மூணு பகுதியா உருவாகி, வளரும்போது ஒண்ணோடொண்ணு ஒட்டிக்குது. ஆனா முழுசா ஒட்டாது. நடுவுல மெல்லிய இடுக்குகள் மிஞ்சும். அந்த இடுக்குகளோட சுவர்தான் தேன் சுரக்குது. படகு மாதிரி குழிஞ்ச ஒரு தனி இதழ் அதை ஏந்திக்குது. வௌவால், தேன்சிட்டு, தேனீ எல்லாருக்கும் எட்டும்.

தெச்சிப்பூ வேற ரகம். நாலு இதழோட அடிப்பகுதியும் ஒரே வளையமா சேர்ந்து நீளுது. அதுதான் குழாய். தேன் அதோட அடியில, சுமார் 3 சென்டிமீட்டர் ஆழத்துல இருக்கு. பெட்டியில வளர்க்கிற இந்தியத் தேனீயோட நாக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர்தான். அதனால அது பட்டாம்பூச்சிக்கான விருந்து.

அப்போ தேன் சுரப்பி பூவோட உறுப்புகளைச் சார்ந்ததா? அராபிடாப்சிஸ்ங்கிற ஆய்வகச் செடியில 'கிராப்ஸ் க்ளா'ன்னு ஒரு மரபணு உண்டு. அது வேலை செய்யலைன்னா சுரப்பியே வராது. ஆனா மகரந்தத் தாள் வர வேண்டிய இடத்துல வேற உறுப்பு வந்தாலும், சுரப்பி அதே இடத்துல வந்துடும். நம்ம பாஷையில சொன்னா, அது தனி மாட்யூல்.

ரப்பர்ல அந்த மாட்யூல் இலைக்காம்போட நுனியில இருக்கு. மூணு சிற்றிலைகள் சேர்ற இடத்துல சின்னச் சின்ன சுரப்பிகள். குளிர்காலத்துல இலை உதிர்ந்து, புதுத்தளிர் விட்டு முதிர்ற சில வாரங்கள்தான் அது நல்லா சுரக்கும். குழாய் இல்ல, மூடி இல்ல. நாக்கு நீளம் பிரச்சினையே இல்ல.

ஆனா திறந்து கிடக்கிறதுக்கு ஒரு விலை உண்டு. அந்த வாரங்கள்ல மழை பெய்தா, இனிப்பு கழுவிட்டுப் போயிடும். தளிர்ல சாம்பல் நோய் விழுந்தா இலையே உதிர்ந்துடும். ரப்பர் தோட்டத்தை நம்பிப் பெட்டி வைக்கிறவங்களுக்கு வருஷ வருமானமே அந்தச் சில வாரங்கள்லதான் தீர்மானமாகுது.

இப்போ அந்தக் கேள்விக்கு வருவோம். இலையில கிடைச்சாலும் பூவுல கிடைச்சாலும், தேனீ செய்யிற வேலை ஒண்ணுதான்: உறிஞ்சி, நொதி சேர்த்து, தண்ணிய வத்த வச்சு, அறையை மெழுகால மூடும். அதனால ரப்பர் தேன் அசல் தேன்தான். அடுத்த தடவை வாங்கும்போது, "இந்த வருஷம் தளிர் நேரத்துல மழை எப்படி?"ன்னு கேட்டுப் பாருங்க. பெட்டிக்காரர் கடகடன்னு பேச ஆரம்பிச்சிடுவாரு.