வெந்தயம் ஏன் பசியைத் தள்ளிப்போடுகிறது?

மட்டக்களப்பு வாவிக் கரையில் மீன் சொதிக்கு வெந்தயம் போடாத வீடு அரிது. அதில் ஒரு தேக்கரண்டியை இரவில் ஊறப்போட்டு, காலையில் விரலால் நசுக்கிப் பாருங்கள். விதை உப்பி, வழுவழுவென்று நூல் இழுக்கும். அந்தக் கோந்துதான் கரையும் நார்ச்சத்து. கலக்டோமன்னன் என்று பெயர்.

வயிற்றுக்குள்ளும் அது தண்ணீரை இழுத்துக் கூழாகிறது. சாப்பாடு கெட்டிப்பட்டு, இரைப்பையை விட்டு மெதுவாகவே நகரும். மாச்சத்து சீனியாகி இரத்தத்தில் சேர்வதும் தாமதிக்கும். பெருங்குடலில் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைக்கும்போது பிறக்கும் கொழுப்பமிலங்கள், ஜிஎல்பி-1, பிவைவை என்ற ஹோர்மோன்களைத் தூண்டுகின்றன. மூளைக்குப் 'போதும்' என்று சொல்பவை இவை.

2009இல் வெளியான ஆய்வொன்றில், உடற்பருமன் உள்ள 18 பேர் பங்குபற்றினார்கள். காலை உணவோடு 8 கிராம் வெந்தய நார் எடுத்தபோது அவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வு கூடியது, பசி தணிந்தது. சொதியில் விழும் சிட்டிகை அந்த அளவுக்குக் கிட்டவும் வராது. அதனால் பசியைத் தள்ளிப்போட, காலைப் பிட்டைக் கொஞ்சம் குறைத்து, நார்ச்சத்துள்ள அவித்த கௌபியோ பயறோ சேர்ப்பதுதான் நல்ல வழி என்பேன். நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் வெந்தயத்தை அள்ளிக் குடிக்குமுன் வைத்தியரைக் கட்டாயம் கேட்க வேண்டும். இரத்தச் சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும்.