அசல் என்று சொல்ல ஆளில்லாத கார்ட்ரிட்ஜ்

மின்சிகரெட்டில் செருகப்படும் திரவக் குப்பியான கார்ட்ரிட்ஜ் அசலா போலியா என்பதைத் தொலைவிலிருந்தே கண்டறியும் தொழில்நுட்பம் மேலை நாடுகளில் சில ஆண்டுகளாக வளர்ந்து வருகிறது. எனினும் 2019 செப்டம்பர் 18 முதல் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, போக்குவரத்து, விற்பனை, விளம்பரம் ஆகிய அனைத்தும் தடைசெய்யப்பட்டிருக்கும் இந்தியாவில், அத்தொழில்நுட்பம் தரும் பாதுகாப்பு வாங்குபவரை எட்டுவதே இல்லை. விருத்தாசலத்தில் ஒரு கல்லூரி மாணவரிடம் வேப் எனப்படும் மின்சிகரெட் ஒன்று ‘ஒரிஜினல்’ என்று சொல்லி விற்கப்படுமானால், அச்சொல்லுக்குப் பொறுப்பேற்கும் உற்பத்தியாளரோ உரிமம் பெற்ற கடைக்காரரோ தரம் பார்த்த ஆய்வாளரோ நாட்டில் எங்கும் இல்லை.

தொலைவழிச் சரிபார்ப்பு செயல்படும் முறை எளிமையானது. ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலும் தனித்த அடையாள எண்ணைத் தாங்கிய ஒரு சிப் பதிக்கப்படுகிறது. கருவி அவ்வெண்ணைப் படித்து, கைப்பேசிச் செயலி வழியாக நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. அங்குள்ள பதிவேட்டில் அந்த எண் இல்லையென்றாலோ, ஒரே எண் இரண்டு ஊர்களில் ஒரே வேளையில் தோன்றினாலோ, சூடேற்றும் கம்பிக்கு மின்சாரம் செல்வது நிறுத்தப்படுகிறது. 2023 ஜூலையில் ஜூல் நிறுவனம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் அனுமதி கோரிய புதிய கருவியில், போலிக் குப்பிகளை ஏற்க மறுக்கும் இத்தகைய சிப்பும், பயனரின் வயதைச் சரிபார்க்கும் செயலியும் இடம்பெற்றிருந்தன.

இந்த ஏற்பாடு உறுதிசெய்வது குப்பி எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே. உள்ளிருக்கும் திரவம் நுரையீரலுக்குத் தீங்கற்றது என்பதை அது ஒருபோதும் உறுதிசெய்வதில்லை. தீர்ந்துபோன அசல் குப்பியில் வேறு திரவத்தை நிரப்பினால், சிப் பழைய எண்ணையே சொல்லும். அதைவிட முக்கியமாக, ‘510’ எனப்படும் பொதுவான திருகுமரை கொண்ட மலிவான பேட்டரிகள் எந்த நிறுவனத்தின் குப்பியையும் கேள்வியின்றி ஏற்பதால், போலிகள் மிகுந்து புழங்கும் இடத்தில் சரிபார்ப்பு தொடங்குவதற்கே வழியில்லை.

இதன் கொடிய விளைவை அமெரிக்கா 2019-இல் கண்டது. அவ்வாண்டுக் கோடையில் இளைஞர்கள் பலர் மூச்சுத்திணறலோடும் காய்ச்சலோடும் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினர். 2020 பிப்ரவரி 18 வரையிலான கணக்கில் 2,807 பேர் பாதிக்கப்பட்டிருந்தனர், 68 பேர் உயிரிழந்திருந்தனர். நோயாளிகள் 51 பேரின் நுரையீரல் திரவத்தை ஆராய்ந்தபோது 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிட்டேட் காணப்பட்டது. சருமப் பூச்சுகளில் பயன்படும் இவ்வெண்ணெய், கஞ்சாவின் போதைச் சத்தான டிஎச்சி எண்ணெயைப் போலவே கெட்டியாக இருப்பதால், கலப்படம் வெளியே தெரியாதிருக்கச் சேர்க்கப்பட்டது. பாதிக்கப்பட்டோர் பலர் பயன்படுத்திய ‘டேங்க் வேப்ஸ்’ என்பதற்குப் பின்னால் ஓர் உற்பத்தி நிறுவனமே இருந்ததாகத் தெரியவில்லை. அச்சிட்ட வெற்று உறைகள் இணையத்தில் விற்கப்பட்டன, அவற்றை வாங்கியவர் எவரும் தம் விருப்பப்படி நிரப்பினர். அசலே இல்லாத பெயருக்குப் போலியைப் பிரித்தறிவது எவ்வாறு?

திரவம் மட்டுமன்றிக் கருவியும் தீங்கு சேர்க்கிறது. பயனர்களின் 56 கருவிகளை ஆராய்ந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு, 2018-இல், சூடேற்றும் கம்பியைத் தொட்ட பிறகு ஆவியில் ஈயம், நிக்கல், குரோமியம் ஆகியவை கூடுவதைக் காட்டியது. இன்றைய கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் கம்பியைச் சுற்றி நுண்துளைப் பீங்கான் இருக்கிறது. மெருகிடாத சுட்ட மண் நீரை எப்படி உறிஞ்சும், வெப்பம் தவறினால் எப்படி விரிசல் விடும் என்பதை விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளருக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. தரமறியாத பீங்கானைப் பலநூறு முறை சூடேற்றி அதன் ஆவியை உள்ளிழுப்பதன் ஆபத்தை அவர்களே எளிதில் உணர்வர். சிலிக்காத் தூசியிடையே வேலை செய்வோரின் நுரையீரல் ஏற்கெனவே சுமை தாங்குவது என்பதும் இங்குக் கருதத்தக்கது.

சட்டத்தின் நிலை தெளிவானது. மின்சிகரெட் தடைச் சட்டம், 2019-இன்படி, விற்பனை முதலிய குற்றங்களுக்கு முதல்முறை ஓராண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மறுமுறை 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சரக்கை இருப்பு வைப்பதற்கு 6 மாதம் வரை சிறையோ 50,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். கஞ்சா எண்ணெய் நிரப்பிய குப்பியாயின் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் பாய்கிறது. அதில் உட்கொள்வதும் குற்றமே.

ஏமாற்றப்பட்டவருக்கு ஏற்படும் இழப்பே பலரும் எண்ணிப் பார்க்காதது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சட்டம் தடுத்த நோக்கமுடைய ஒப்பந்தத்தைச் செல்லாததாக்குகிறது. பில் இல்லை, உத்தரவாதம் இல்லை. போலி விற்றான் என்று நுகர்வோர் ஆணையத்தில் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழியும் ஏறக்குறைய அடைபட்டதே.

சரிபார்ப்பு உண்மையில் பயன்தருவது சட்டபூர்வமான பொருளுக்குத்தான். 2023 ஆகஸ்ட் 1 முதல் கால்பால், டோலோ, அலெக்ரா உள்ளிட்ட 300 மருந்துப் பெயர்களின் உறையில் க்யூஆர் குறியீடு கட்டாயம். அதில் உற்பத்தியாளரின் முகவரி, தொகுதி எண், காலாவதி நாள், உரிம எண் ஆகியன அடங்கும். அச்சிட்ட குறியீட்டையும் நகலெடுக்க இயலும் என்பதால், உறையிலுள்ள எழுத்தோடு ஒப்பிடுவதும் பில் வாங்குவதும் அவசியம். ஐயம் தோன்றினால், மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரின் சோதனையைக் கோரலாம். இவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் இன்னும் பெருக வேண்டும்.

மின்சிகரெட் விற்பனையைக் கண்டவர் காவல் நிலையத்திலோ மத்திய சுகாதார அமைச்சகத்தின் புகார் இணையதளத்திலோ தெரிவிக்கலாம். வேப் பயன்படுத்தியவருக்கு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, விடாத இருமல் ஏற்பட்டால் 108-ஐ அழைத்து, பயன்படுத்தியதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, எஞ்சிய குப்பியையும் காட்ட வேண்டும். பெற்றோரின் கோபத்துக்கு அஞ்சி இளையவர் இதை மறைக்கும்போது மருத்துவர் சாதாரண நிமோனியா என்று கருதிவிடக்கூடும். குழந்தை நிகோட்டின் திரவத்தை விழுங்கிவிட்டால், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே, எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் 1800-116-117 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம். நிகோட்டின் பழக்கத்திலிருந்து விடுபட விரும்புவோருக்கு 1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கிறது.