முற்றத்து மண்ணில் கலந்த நஞ்சு

தண்ணீர் கிடைக்காத வேளையில் தூய மண்ணைக் கொண்டு தயம்மும் செய்து தொழலாம் என்பது நாம் அனைவரும் அறிந்த சட்டம். நீருக்குப் பதிலாக நின்று நம்மைத் தூய்மைப்படுத்தும் தகுதி மண்ணுக்கு உண்டு. அந்த மண்ணே நஞ்சாகிவிட்டால் என் செய்வது? இது வீண் கற்பனையன்று. நம் மார்க்கச் சகோதரர்கள் வாழும் சில சிற்றூர்களில் மெய்யாகவே நிகழ்ந்தது.

நைஜீரிய நாட்டின் வடமேற்கில் ஸம்ஃபாரா என்னும் மாநிலம் உள்ளது. அங்கே உழவும் கால்நடையும் நம்பி வாழ்ந்த ஏழை முஸ்லிம்கள், தங்கத்தின் விலை ஏறியபோது, பாறையைக் கையால் வெட்டிப் பொன் பிரிக்கும் தொழிலில் இறங்கினர். கற்களைச் சம்மட்டியால் உடைத்தனர். தானியம் அரைக்கும் இயந்திரங்களிலேயே பொடியாக்கினர். நீரில் அலசிப் பாதரசம் சேர்த்துப் பொன்னைத் திரட்டினர். கோஷா பேணும் பெண்கள் வெளியே செல்வதில்லை. ஆகவே கற்கள் வீட்டு முற்றத்திற்கே வந்தன.

அப்பாறையில் பொன்னோடு காரீயமும் மிகுந்திருந்ததை எவரும் அறியவில்லை. அரைத்த தூள் முற்றத்திலும் பாயிலும் உண்கலத்திலும் படிந்தது. மண்ணில் தவழ்ந்து, அந்த விரலையே வாயில் வைப்பது குழந்தைகளின் இயல்பன்றோ? பிள்ளைகளுக்கு வலிப்பு கண்டது. பெற்றோர் மலேரியா என்று எண்ணினர்.

2010 மார்ச் மாதத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் அமைப்பினர் அங்கு சென்றபோதுதான் உண்மை வெளிப்பட்டது. தாரேத்தா, யார்கல்மா ஆகிய இரு ஊர்களில் நடந்த ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட 463 குழந்தைகளில் 118 பேர் முந்திய ஓராண்டிற்குள் மாண்டிருந்தனர். நான்கில் ஒரு பிள்ளை! எஞ்சியவர்களுள் 204 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, அனைவரிடமும் காரீய நஞ்சு காணப்பட்டது. அவ்வட்டாரம் முழுவதிலுமாக 400க்கும் மேற்பட்ட சிறார்கள் உயிரிழந்தனர் என்பது மதிப்பீடு.

இங்கே ஓர் உண்மையை ஊன்றிக் கவனியுங்கள். இரத்தத்தில் கலந்த காரீயத்தை வெளியேற்ற மருந்து உண்டு. ஆனால், மருந்துண்ட பிள்ளை அதே முற்றத்திற்குத் திரும்பினால் அம்மருந்தால் பயனில்லை. காரீயம் மக்கி மறையும் பொருளன்று. ஆண்டுகள் பல கடந்தாலும் மண்ணிலேயே கிடக்கும். எனவே, முதலில் வைத்தியம் தேவைப்பட்டது மண்ணுக்குத்தான். மேல்மண்ணைச் சுரண்டியெடுத்துத் தொலைவில் புதைத்து, நல்ல மண்ணைக் கொணர்ந்து பரப்பினர். ஏழு ஊர்கள் 2011க்குள் தூய்மையாயின. பகேகா என்னும் பெரிய ஊரோ 2013 வரை காத்திருந்தது. அதுவரை அவ்வூர்ப் பிள்ளைகள் சிகிச்சைக்கும் காத்திருந்தனர்.

பாதரசத்தின் கதையும் இத்தகையதே. அது ஆற்றிலும் குளத்திலும் அடிச்சேற்றில் தங்கி, அங்குள்ள நுண்ணுயிர்களால் கொடிய வடிவம் பெற்று, மீன் வழியாக மனிதனை அடைகிறது. இதனைத் தடுக்கவே 2013இல் மினமாட்டா உடன்படிக்கையை உலக நாடுகள் ஏற்றன.

அந்த ஏழைகளைக் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. பிள்ளைகளின் பசியாற்றவே அத்தொழிலை மேற்கொண்டனர்; அறியாமல் இழந்தனர். தொழிலை ஒரேயடியாகத் தடுத்தால் அடுப்பு எரியாது. கற்களை ஊருக்கு வெளியே, தூள் பறவாதபடி நீர் தெளித்து அரைப்பதும், உடலைக் கழுவி உடை மாற்றியபின் இல்லம் புகுவதுமே அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட வழிகள். எளிய வழிகள்தாம், ஆனால் உயிர் காப்பவை.

வாசகர்களே! சம்பாத்தியம் ஹலாலானதா என்று கேட்கும் நாம், அது எவருடைய முற்றத்தில் எதை விட்டுச் செல்கிறது என்றும் கேட்கக் கடமைப்பட்டவர்கள். அறியாமல் செய்தது மன்னிக்கப்படலாம். அறிந்தபின் வாளாவிருந்தால், நாளை என்ன பதில் சொல்வோம்? சிந்திப்போமாக!