பேர் மறைத்து ஒரு பரிசு

நாடக வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தாராம். அவரிடம் பாடம் கேட்ட டி.கே. சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’யில் இதைச் சொல்கிறார். சிறுவர்கள் நடித்த பாய்ஸ் கம்பெனிகளில் அப்படித்தான் வேலை நடந்தது. வாத்தியார் எழுதுவார், பையன்கள் பாடம் செய்வார்கள், கொட்டகையில் திரை ஏறும். நாடகம் தேறுமா தேறாதா என்பதை டிக்கெட் வசூல் சொல்லிவிடும்.

வாத்தியார்கள் மறைந்த பிறகு நாடகத்துக்கு எங்கே போவது? அந்தக் கேள்விக்குச் சண்முகமும் சகோதரர்களும் கண்ட வழிகளில் ஒன்று போட்டி. 1925-இல் திருவனந்தபுரத்தில் அவர்கள் தொடங்கிய குழு டி.கே.எஸ். குழு என்று அறியப்பட்டது. கம்பெனிக்கு வெளியே இருந்த எழுத்தாளர்களிடம் நாடகம் கேட்டுச் சகோதரர்கள் பரிசு அறிவித்தார்கள். அரு. ராமநாதனின் ‘ராஜராஜ சோழன்’ முதல் பரிசு பெற்றது. அதே குழு அதை மேடையேற்றியது. 1973-இல் அது தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாகவும் வந்தது. இயக்கிய ஏ.பி. நாகராஜனும் டி.கே.எஸ். குழுவில் வளர்ந்தவர்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பரிசு கொடுத்தவர்களே வேஷம் கட்டி ஆட வேண்டியவர்கள். வசனம் வாயில் வராவிட்டாலும், சீன் மாற்ற நேரம் போதாவிட்டாலும் கஷ்டம் அவர்களுக்குத்தான். இன்றைய பெரிய போட்டிகளில் நடுவர் வேறு, மேடையேற்றுபவர் வேறு. அந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்பதிலேயே போட்டி நடத்துபவர்களின் பாதிக் கவலை கழிகிறது.

முதல் வேலை பேரை மறைப்பது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் ராயல் எக்ஸ்சேஞ்ச் அரங்கோடு சேர்ந்து 2005-இல் தொடங்கிய புருண்ட்வுட் பரிசுக்குப் பிரதி அனுப்புகிறவர் புனைபெயரில்தான் அனுப்ப வேண்டும். முதல் பரிசு 16,000 பவுண்ட். ஒவ்வொரு முறையும் ஆயிரத்துக்கு மேல் பிரதிகள் குவிகின்றன. படிப்பவருக்கு எழுதியவர் பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. அடுத்த நிபந்தனை, பிரதி புதிதாக இருக்க வேண்டும் என்பது. ‘தி இந்து’ நாளிதழ் 2008-இல் தொடங்கிய நாடக ஆசிரியர் விருது, அச்சேறாத, மேடையேறாத ஆங்கிலப் பிரதிகளுக்கானது. 2018-இல் அது எழுத்தாளர் ஆனி ஜைதிக்குக் கிடைத்தது. மேடையேறாத பிரதி என்று கேட்பதில் நியாயம் உண்டு. கைதட்டு வாங்கிய நாடகத்தோடு புதுப் பிரதியை ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது.

வந்து குவிந்த அத்தனையையும் பெரிய நடுவர்கள் படிப்பதில்லை. அது யாராலும் ஆகிற காரியமும் அல்ல. இயக்குநர்கள், நடிகர்கள், அரங்கில் பழகியவர்கள் என்று ஒரு வாசகர் படை முதலில் உட்காரும். நாஞ்சில் நாட்டுக் களத்தில் பொலி தூற்றுவதைப் போன்ற வேலை: பதர் தானாகப் பறந்துவிடும், அரைமணியைப் பிரிப்பதில்தான் கை வலிக்கும். நாடகம் என்ற பேரில் வரும் சினிமாத் திரைக்கதைகள் முதலில் ஒதுங்கும். “குதிரைப்படை ஆற்றைக் கடக்கிறது” என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் மேடைக்காரன் என்ன செய்வான்? கதாபாத்திரங்கள் எல்லாரும் ஆசிரியரின் ஒரே குரலில் பேசும் பிரதிகளும் அதிகம் தாண்டுவதில்லை. மிஞ்சியதை இன்னொருவர் படிப்பார். பிறகு நெடும்பட்டியல், அதிலிருந்து குறும்பட்டியல், அதன் பிறகே நடுவர் குழு.

நடுவர் அறையில் மதிப்பெண் போட்டுக் கூட்டுவது சுலபமான வழி. ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஒருவர் பத்துக்கு ஒன்பதும் இன்னொருவர் மூன்றும் போட்ட துணிச்சலான நாடகத்தின் சராசரி ஆறு. யாருக்கும் கோபம் மூட்டாத, யாரையும் தூங்கவும் விடாத நாடகம் ஏழு வாங்கி ஜெயித்துவிடும். அதனால் கூட்டல் கணக்கை ஓரம் வைத்துவிட்டுப் பேசித் தீர்க்கும் குழுக்களே மேல். பேச்சு சண்டையாகலாம். ஆகட்டும்.

சண்டையும் சந்தேகமும் புதிதல்ல. பழைய ஏதென்ஸ் நகரின் தியோனிசியா விழாவில் நாடகங்கள் போட்டியாகவே நடந்தன. பத்துக் குலங்களுக்கு ஒருவராகச் சீட்டுக் குலுக்கி நடுவர்களைப் பிடித்தார்கள். பத்துப் பேரும் ஓட்டுப் போட்டாலும் குடத்திலிருந்து எடுத்து எண்ணியது ஐந்தைத்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எந்த ஓட்டு எண்ணப்படும் என்றே தெரியாதபோது யாருக்குக் கையூட்டுக் கொடுப்பது! இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் கி.மு. 431-இல் யூரிபிடிஸின் ‘மீடியா’ இடம்பெற்ற தொகுதிக்கு, போட்டியிட்ட மூவரில் மூன்றாம் இடம்தான் கிடைத்தது. அன்று அதை முந்தியவை எவை என்றுகூட இன்று உறுதியாகத் தெரியாது.

நல்ல நாடகக்காரரைத் தவறவிடுவது நம் காலத்திலும் நடந்ததுதான். அமெரிக்காவின் ஓ’நீல் மையம் ஆண்டுதோறும் நடத்தும் தேசிய நாடக ஆசிரியர் மாநாடு நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சனின் பிரதிகளைப் பலமுறை திருப்பி அனுப்பியது. 1982-இல் ‘மா ரெய்னீஸ் பிளாக் பாட்டம்’ தேர்வானது; இரண்டே ஆண்டில் அது பிராட்வே ஏறியது. அங்கே தேர்வு பெற்றவருக்குக் கிடைப்பது பணமுடிப்பைவிடப் பெரியது: நடிகர்கள் கையில் பிரதியோடு நின்று வாசிக்க, எழுதியவர் கேட்டுத் திருத்தலாம். டி.கே.எஸ். போட்டிக்கு மிக அருகில் வருவது இந்த முறைதான்.

தமிழில் எழுதுகிறவருக்கு வாசல்கள் குறைவு. தமிழ் வளர்ச்சித் துறையின் சிறந்த நூல் பரிசில் நாடகத்துக்குத் தனி வகைப்பாடு உண்டு, ஆனால் அச்சான புத்தகம் வேண்டும். இந்திரா பார்த்தசாரதிக்கு 1999-ஆம் ஆண்டின் சரஸ்வதி சம்மான் ‘இராமாநுஜர்’ நாடகத்துக்காகக் கிடைத்தது. அதுவும் வெளிவந்த நூலுக்கான விருது. தக்கலையிலோ குளச்சலிலோ ஒருவர் எழுதி வைத்திருக்கும் கைப்பிரதி இவற்றுக்குள் நுழைய முடியாது. ஆங்கிலத்தில் எழுதினாலும் இங்கேயே மேடை கிடைக்கும் என்று நிச்சயமில்லை. மஞ்சுளா பத்மநாபனின் ‘ஹார்வெஸ்ட்’ 1997-இல் கிரேக்கத்தின் ஓனாசிஸ் சர்வதேசப் போட்டியில் முதல் பரிசு பெற்றது. மும்பையின் ஓர் அறைக் குடியிருப்பில் உடலுறுப்பை விற்கும் குடும்பத்தின் கதை அது. அதன் முதல் மேடையேற்றம் ஏதென்ஸில், கிரேக்க மொழியில்.